‘ஹே ராம்’ படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது எப்படி

மதுரைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஆறு வருடமாக, காந்தி சுடப்பட்ட ஜனவரி 30-ஐ ஒட்டி வரும் சனிக்கிழமை, எங்கள் ஊர் நூலக மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேருக்குக் கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ படத்தைப் போடுகிறேன். 1946 கல்கத்தா கலவரத்தில் மனைவி அபர்ணாவை இழந்த சாகேத் ராம், காந்தியைக் கொல்லக் கிளம்புகிற கதை. எங்கள் ஊரிலும் செய்யலாமா, எப்படிச் செய்வது என்று சிலர் கேட்டார்கள். முதல் வருடம் நான் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். நடுவில் நிறுத்தாமல் முடியாது. முதல் தடவை கல்கத்தா கலவரம் முடிந்ததும் விளக்கைப் போட்டு டீ கொடுத்தேன். அபர்ணா செத்துவிட்டாள். சாகேத் ராம் துப்பாக்கியோடு தெருவில் இறங்கிச் சுட்டுவிட்டான். அந்தச் சூடு தணியாமலே பிள்ளைகள் டீ கிளாஸோடு படிக்கட்டில் நின்றார்கள். ஒரு பையன், “நானா இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்” என்றான். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். பக்கத்தில் நின்ற முஸ்லிம் பையன் ஒன்றும் சொல்லாமல் கிளாஸை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று ராத்திரி போன் பண்ணினேன், எடுக்கவில்லை. ராமின் முஸ்லிம் நண்பன் அம்ஜத் உயிரைக் கொடுக்கிற பாதியை அவன் பார்க்கவே இல்லை.

அதனால் முதல் விதி: கல்கத்தாவில் நிறுத்தாதீர்கள். ராம் ஊருக்குத் திரும்பி, வீட்டார் வற்புறுத்தி மைதிலியைக் கட்டி வைக்கிறார்களே, அந்தக் கல்யாணம் முடிந்த பிறகு நிறுத்துங்கள். அதற்குள் பார்ப்பவர்களுக்கு மூச்சு சீராகியிருக்கும். மாலையும் மேளமுமாக இருக்கும் இடத்தில் ஒருவன் மட்டும் இன்னும் கல்கத்தாவிலேயே இருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். டீ குடிக்கும்போது அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

யாரை அழைப்பது? பதினெட்டு வயதுக்குக் கீழே வேண்டாம். அபர்ணாவுக்கு நடப்பது என்ன என்பதைப் படம் தொடங்கும் முன்பே வாயால் சொல்லிவிடுங்கள். பாலியல் வன்முறை இருக்கிறது, கொலை இருக்கிறது, அந்த நேரத்தில் வெளியே போய் உட்கார விரும்பினால் போகலாம், யாரும் காரணம் கேட்கமாட்டோம் என்று. நான் சொல்லத் தொடங்கிய வருடத்திலிருந்து ஒன்றிரண்டு பெண்கள் எழுந்து போகிறார்கள், திரும்பியும் வருகிறார்கள். பொது இடத்தில் காட்டுவதற்கு உரிமை உள்ளவர்களிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். நல்ல ஸ்பீக்கர் வாடகைக்கு எடுங்கள். வேறொருவர் இசைக்குப் படமாக்கிய பாடல் காட்சிகளுக்கு, உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி இளையராஜா புதிதாக மெட்டுப் போட்ட படம் இது. கரகர ஸ்பீக்கரில் கேட்க விடக்கூடாது.

அப்புறம், ஒரு பக்கத் தாள். இது இல்லாமல் தொடங்காதீர்கள். வங்காளி, இந்தி, மராத்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்து பேசுகிற படம், பாதியில் குழம்பிவிடுவார்கள். படம் 1999 டிசம்பர் 6-ல் சென்னையில் கறுப்பு வெள்ளையில் தொடங்குகிறது, கிழவரான ராம் சாகக் கிடக்கிறார், வெளியே கலவரம், பின்னோக்கிப் போகும்போதுதான் வண்ணம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். தாமதமாக வருபவர்கள் இதைத் தவறவிட்டால் கடைசிப் பகுதி புரியாது.

தாளில் பெரிதாக எழுதவேண்டியது நாள்காட்டி. 1946 ஆகஸ்ட் 16, முஸ்லிம் லீக் அறிவித்த நேரடி நடவடிக்கை நாள்: கல்கத்தாவில் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், இரண்டு பக்கமும். அக்டோபரில் கிழக்கு வங்காளத்தின் நவகாளி: அங்கே செத்தவர்கள் இந்துக்கள். அது முடிவதற்குள் பீகார்: அங்கே செத்தவர்கள் முஸ்லிம்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒவ்வோர் ஊரும் முந்தைய ஊருக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டது. படம் ராமின் கண் வழியாகப் போவதால் கல்கத்தா மட்டும்தான் தெரியும். நவகாளியையும் பீகாரையும் நாம்தான் தாளில் சேர்க்கவேண்டும்.

ராம், அம்ஜத், ராமைக் காந்திக்கு எதிராகத் திருப்பிவிடும் அப்யங்கர் எல்லாம் கற்பனைப் பாத்திரங்கள் என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் யாராவது, “டீச்சர், சாகேத் ராம் நிஜமாவே இருந்தாரா?” என்று கேட்பார்கள். இல்லை. ஆனால் 1948 ஜனவரி 20 அன்று டில்லியில் காந்தி தங்கியிருந்த பிர்லா மாளிகையில் குண்டு வெடிக்கச் செய்த மதன்லால் பாவா பஞ்சாபிலிருந்து ஓடிவந்த அகதி. பத்து நாள் கழித்துத்தான் கோட்சே சுட்டான். இழந்தவனின் ஆத்திரம் கற்பனை இல்லை. படத்தில் இன்னொரு இடமும் உண்டு: 1946-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் மொகஞ்சதாரோவில் தோண்டுவதாக வரும். அந்த வருடம் அவர் தோண்டியது ஹரப்பாவில். மொகஞ்சதாரோவுக்கு 1950-ல்தான் போனார். ஹரப்பாவுக்கு முந்தைய வருடம் நம் புதுச்சேரி அரிக்கமேட்டில் இருந்தார்! வரலாற்றுக்காரிக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் படம் ஓடும்போது சொல்லாதீர்கள், டீ நேரத்தில் சொல்லுங்கள்.

ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம். ஒரு பக்கம்: ராம் சுடவேண்டும் என்று உனக்குத் தோன்றிய நேரம். மறுபக்கம்: துப்பாக்கியைக் கீழே போடவேண்டும் என்று தோன்றிய நேரம். படம் முடிந்ததும் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, எழுதலாம். பிறகு சீட்டுகளைக் கலந்து நான் வாசிப்பேன். முதல் பக்கம் பெரும்பாலும் ஒன்றே: அபர்ணா. மறுபக்கம்தான் ஆளுக்கு ஆள் மாறும். பாகன் செத்துக் கிடக்க, தெருவில் தனியாக நிற்கும் யானையை ஒருத்தி எழுதியிருந்தாள். வேறொருவர் மைதிலி என்று மட்டும் எழுதியிருந்தார். டில்லி ஆஸ்பத்திரியில் சாகும் தறுவாயிலும் ராமைக் காட்டிக் கொடுக்காத அம்ஜத் எல்லா வருடமும் வருவான்.

பேச்சைத் தொடங்க ‘காந்தி செய்தது சரியா?’ என்று கேட்காதீர்கள். கேட்டால் வீட்டில் கேட்டதை, போனில் படித்ததை ஒப்பிப்பார்கள். நான் கேட்பது இது: அபர்ணாவைக் கொன்ற அல்தாஃபைத்தான் ராம் கொன்றுவிட்டானே, பிறகும் ஏன் தீரவில்லை? இதற்குப் பதில் தேடும்போது பிள்ளைகள் தாங்களாகவே அப்யங்கரிடம் வந்து சேர்வார்கள். மனைவியை இழந்து பித்துப் பிடித்தாற்போல் நிற்பவனிடம் அவன் காந்தியைக் கைகாட்டுகிறான். காந்தி அபர்ணாவைத் தொட்டவர் இல்லை. துக்கம் ராமுடையது. அது யாரைத் தேடிப் போகவேண்டும் என்று முடிவு செய்தவன் வேறொருவன். இந்த இடத்தில் நான் அவசரப்படமாட்டேன். அரை மணி நேரம் போனாலும் போகட்டும்.

கவனம் ஒன்று: கூட்டத்தில் உள்ள முஸ்லிம் பிள்ளைகளைப் பார்த்து ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்காதீர்கள். பேச நினைத்தால் அவர்களே பேசுவார்கள். தங்கள் சமூகத்துக்கே பதில் சொல்லும் வேலையை ஒரு பத்தொன்பது வயசுப் பிள்ளையின் தலையில் வைக்கக்கூடாது.

படத்தின் மீது எனக்கு உள்ள குறையையும் மறைக்கமாட்டேன். வன்முறைக்கு மணிக்கணக்கு, அகிம்சைக்குச் சில நிமிடங்கள். காந்தியாக நசீருத்தீன் ஷா அருமையாக நடித்திருக்கிறார், ஆனால் காந்தி கொஞ்ச நேரமே வருகிறார். பெண்கள் ஆண்களின் கோபத்துக்குக் காரணமாகவோ, காத்திருப்பவர்களாகவோ மட்டும் நிற்கிறார்கள். இதைப் பெண் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள், தடுக்காதீர்கள்.

அகிம்சை என்ன செய்தது என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். நான் கல்கத்தாவின் பெலியாகட்டா பகுதியில் நடந்த கதையைச் சொல்வேன். 1947 ஆகஸ்டில் காந்தி கல்கத்தாவில் ஹைதரி மன்சில் என்ற முஸ்லிம் வீட்டில், முந்தைய வருடக் கலவரத்தின்போது வங்காள முதல்வராக இருந்த முஸ்லிம் லீக் தலைவர் சுஹ்ரவர்தியையும் கூட வைத்துக்கொண்டு தங்கினார். அந்தக் கொலைகளுக்குப் பொறுப்பு உண்டு என்று சுஹ்ரவர்தி கூட்டத்தின் முன்னால் ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 31 ராத்திரி ஒரு கும்பல் அந்த வீட்டுக்குள்ளேயே புகுந்தது. மறுநாள் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார், வயது 77. செப்டம்பர் 4-ல் முடித்தார், 73 மணி நேரம். அதற்குள் கலவரம் செய்தவர்களே ஆயுதங்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும், அடைக்கட்டும். அவரைக் கொன்றவர்களின் தூக்குத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி மகன்கள் மணிலாலும் ராம்தாஸும் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்சேயும் அவன் கூட்டாளி ஆப்தேவும் 1949 நவம்பர் 15-ல் தூக்கிலிடப்பட்டார்கள்.

மறுநாள் காலை, வர முடிந்தவர்களை மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவேன். தமுக்கம் பக்கத்தில், ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனை. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணி, ரத்தக் கறையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. உள்ளே போகும் முன் எதுவும் விளக்க வேண்டாம். நான் வாசல் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிடுவேன். இரண்டு வருடம் முன்னால் முதல் வருடம் “நானா இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்” என்ற அந்தப் பையன் வந்திருந்தான். அன்று பாதியில் போன முஸ்லிம் பையனைத் தேடிப் பிடித்து அவனேதான் கூட்டிவந்தான். எல்லாரும் வெளியே வந்த பிறகும் அவர்கள் இரண்டு பேரும் வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.