பழைய காரின் பிரேக் வேலை: பைப்பிலும் ஆயிலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசடரையோ பிரீமியர் பத்மினியையோ இன்றும் பாசத்தோடு வைத்து ஓட்டுபவர்கள் பிரேக் வேலையில் செய்யும் முதல் தவறு, நாம் வழங்கும் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. 'பிரேக் ஆயில்' என்கிறோம். அது எண்ணெய் அன்று, தண்ணீரோடு கலந்துவிடும் கிளைக்கால் (glycol) வகைத் திரவம். பெயரை நம்பி, அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) ஊற்றினாலும், வீல் சிலிண்டரின் (சக்கரத்தில் அந்த அழுத்தத்தை வாங்கும் பாகம்) ரப்பர் வாஷர்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினாலும், அந்த ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். அப்படி ஒருமுறை நேர்ந்துவிட்டால் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை உள்ள வாஷர், ஹோஸ் என்னும் ரப்பர் குழாய் அனைத்தையும் மாற்றியாக வேண்டும். கழுவுவதற்குப் புது பிரேக் ஆயிலே போதும்.

அடுத்தது, டப்பாவின் மேல் ஆயிலின் வகையைக் குறிக்கும் 'டாட்' (DOT) எண் பெரிதாக இருந்தால் தரமும் உயர்ந்தது என்று எண்ணுவது. டாட் 3 புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையிலும், டாட் 4 230 டிகிரி வரையிலும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. இரண்டும் ஒரே இனம், டாட் 5.1 என்பதும் இதே இனம்தான். ஆனால் டாட் 5 முற்றிலும் வேறான சிலிக்கோன் திரவம். அது பெயிண்டை அரிக்காது, ஈரத்தை உறிஞ்சாது என்பதால், வருடத்தில் பாதி நாள் ஷெட்டில் நிற்கும் பழைய வண்டிக்கு ஏற்றது என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிளைக்கால் ஆயிலோடு அது கலக்காது. உள்ளே புகுந்த நீரும் அதில் கரையாமல் பைப்பின் தாழ்ந்த இடத்தில் தேங்கி, அங்கேயே துருவை உண்டாக்கும். பெடலும் சற்று மெத்தென்று ஆகிவிடும். வண்டிக்கான கையேடு சொல்லும் டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலை ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவதே நல்லது.

அந்த இரண்டு ஆண்டுக் கணக்குக்குக் காரணம், இந்த ஆயில் காற்றிலிருந்து உறிஞ்சும் ஈரம். ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் டாட் 3 தாங்க வேண்டிய அளவு வெறும் 140 டிகிரிதான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வண்டியில் அந்தச் சூடு எட்டக்கூடியதே. உள்ளே ஆவி கட்டினால் மிதித்த பெடல் தரைவரை போய்விடும். பாதி தீர்ந்த டப்பாவை அலமாரியில் வைத்து அடுத்த வருடம் ஊற்றுவதும் இதே ஆபத்தைத்தான் விலைக்கு வாங்குகிறது.

பைப் விஷயத்தில் நான் மிகவும் அஞ்சுவது செம்புக் குழாயை. ஃபிரிட்ஜுக்கு வாங்கும் செம்புக் குழாய் வளைக்க எளிது, துருப்பிடிக்காது. ஆனால் அதிர்வில் நாளடைவில் இறுகி விரிசல் விடும். இரட்டைச் சுவர் கொண்ட எஃகுப் பைப்போ செம்பும் நிக்கலும் கலந்த பைப்போதான் இந்த வேலைக்கு உரியவை. பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்றுதான் என்பதால், ஓரிடத்தில் பைப் வெடித்தால் கால் பிரேக்கே இல்லாமல் போகும்.

நட்டு பொருந்துவது போலத் தோன்றுவதும் ஏமாற்றும். பிரிட்டிஷ் வடிவமைப்பிலிருந்து வந்த வண்டிகளில் அங்குல மரையும், ஃபியட் வழி வந்தவற்றில் மெட்ரிக் மரையும் இருக்கும். அங்குலத்துக்கு 24 மரை கொண்ட 3/8 அங்குல நட்டின் குறுக்களவு 9.5 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் இடைவெளி மரை கொண்ட நட்டின் குறுக்களவு 10 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சிறியதைப் பெரிய துளையில் போட்டால் தளர்வாக ஏறி, முறுக்கும்போது பிடித்தது போல இருந்து, பெடலை ஓங்கி மிதிக்கும் நாளில் மரை உரிந்து வெளியே வந்துவிடும். பழைய நட்டைக் கையில் கொண்டுபோய் மரை அளவியால் பார்த்தே வாங்க வேண்டும். பைப் நுனியின் விரிப்பும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். இரட்டையாக மடித்து விரிக்க வேண்டிய இடத்தில் ஒற்றையாக விரித்த நுனி வெடிக்கும்.

ஹோஸை வெளித்தோற்றத்தால் மட்டும் மதிப்பிடக் கூடாது. முன்சக்கரம் ஒன்று பிரேக்கை விட்ட பின்பும் இறுகியே நின்ற ஒரு வண்டியில், டிரம்மையும் சிலிண்டரையும் இருமுறை பிரித்துப் பார்த்த பிறகே நான் ஹோஸைக் கழற்றினேன். வெளியே ஒரு வெடிப்பும் இல்லை. நீளவாக்கில் அறுத்தபோது, உள்ரப்பர் வீங்கி, நடுத்துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மிதிக்கும்போது அழுத்தம் உள்ளே போகிறது, விட்டபின் திரும்பி வர வழியில்லை. பல வருடம் கடையில் கிடந்த 'பழைய ஒரிஜினல்' ஹோஸும் வாஷரும் இதனாலேயே ஆசைப்பட்டு வாங்கத்தக்கவை அல்ல. ரப்பர் ஓடாமலே முதுமையடையும். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்கி, முறுக்கில்லாமல் பூட்டி, சக்கரத்தை இருபுறமும் முழுக்கத் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் முடித்து, பைப்புக்குள் சிக்கிய காற்றை வெளியே எடுத்தபின், ஒருவர் பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். பெடல் மெல்ல இறங்கினாலோ துணியில் ஈரம் பட்டாலோ வண்டி தெருவுக்கு வரக் கூடாது.