மலைமேல் பேஸ்பால் கையுறை: வாங்க, பழக்க, கைவிட

நான் பேஸ்பால் ஆடியவன் இல்லை. ஊட்டி படகு இல்லத்துக்கு வெளியே சவாரிக்கு நிற்கும் குதிரைகளின் சேணத்தையும் கடிவாளத்தையும் தைத்துப் பிழைப்பவன். அப்பாவுக்கும் அதே தொழில். பதினோரு வருடங்களுக்கு முன், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாதத்தில், உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பிளாஸ்டிக் பையிலிருந்து நான்கு கையுறைகளை என் பலகைமேல் கொட்டினார். "அண்ணா, குதிரைத் தோலையே தைக்கிறீர்கள், இதைத் தைக்க மாட்டீர்களா?" என்றார். குதிரைத் தோலை அல்ல, குதிரைமேல் போடும் தோலைத்தான் தைக்கிறேன் என்று திருத்திவிட்டு, வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு என் மகளே அந்த ஆசிரியையின் பேஸ்பால் அணியில் சேர்ந்தாள். ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய தளங்களைப் பேஸ் என்பார்கள். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில், ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் நிற்கிறாள். குன்னூர், கோத்தகிரியிலிருந்தெல்லாம் இப்போது கையுறைகள் வருகின்றன.

வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்: எதை வாங்குவது, எப்போது மாற்றுவது. நடுவில் அது வாழ வேண்டிய நாலைந்து வருடங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

எந்தக் கை, எவ்வளவு பெரிது

வலது கையால் பந்தை எறிபவருக்குக் கையுறை இடது கையில். இது எல்லாருக்கும் தெரியும், வாங்கும்போது மட்டும் மறந்துவிடும். இடது கையால் எறியும் ஒரு பெண்ணுக்காகத் தபாலில் தருவித்தார்கள். "இடது கை" என்று எழுதிக் கேட்டதை, இடது கையில் மாட்டுவது என்று கடைக்காரர் புரிந்துகொண்டார். வந்தது பயனற்றுப் போனது. எந்தக் கையால் எறிகிறார் என்று எழுதிக் கேளுங்கள். 1995ல் மாண்ட்ரியால் அணியின் கிரெக் ஹாரிஸ் ஒரே ஆட்டத்தில் இரண்டு கையாலும் பந்து வீசினார். இரு பக்கமும் கட்டைவிரல் வைத்து ஆறு விரலோடு தைத்த கையுறை அவருடையது. அப்படி ஒன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கப்போவதில்லை.

அளவை ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து குழி, அதாவது பந்து வந்து விழும் பள்ளம், வழியாக அடிப்பகுதி வரை நாடாவால் அளப்பார்கள். இரண்டாவது பேஸில் நிற்பவர்கள் 11 முதல் 11½ அங்குலம் வரை விரும்புகிறார்கள். ஷார்ட்ஸ்டாப்புக்கு 11½, 11¾. மூன்றாவது பேஸில் 12 வரை போகலாம். தூரத்தில், புறக்களத்தில் ஓடிப் பிடிப்பவர்களுக்கு 12½, 12¾. அமெரிக்கப் பெரிய லீகில் சாதாரணக் கையுறைக்கு உச்சவரம்பு 13 அங்குலம். காரணம் எளிது: பேஸ்களை ஒட்டிய உள்களத்தில் நிற்பவர் பந்தைப் பிடித்த கணமே எடுத்து எறிய வேண்டும், ஆழமான குழியில் கைவிட்டுத் தேட நேரமில்லை. புறக்களத்தில் ஓடுகிறவருக்கு விழாமல் பிடிப்பதே பெரிய காரியம். பந்து வீசுபவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வலைப் பகுதி மூடியதாகக் கேட்பார்கள், விரல் பிடியை மட்டையாளர் பார்த்துவிடக் கூடாதே. பேஸ்பாலின் சுற்றளவு 9 அங்குலத்துக்குச் சற்று மேல், சாப்ட்பாலுக்கு 12. ஆகவே சாப்ட்பால் ஆடுகிறவர்கள் இந்த அளவுகளோடு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

"வளரும் பிள்ளை, பெரிதாக வாங்கிவிடுவோம்" என்று தீபாவளிச் சட்டை எடுப்பதுபோல வாங்காதீர்கள். கைக்குள் ஆடும் கையுறை பந்தைப் பிடிக்காது, தட்டிவிடும்.

அசல் தோலா, செயற்கையா? பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் செயற்கை போதும். அதற்கு மேல் அசல் தோல்தான். செயற்கைத் தோலில் குழி நிலைக்காது, உறைபனிக் காலத்துக் காலையில் மடிப்புகளில் வெடிப்பு விடும்.

என் முதல் தவறு

அன்று வந்த நான்கு கையுறைகளுக்கும் சேணத்துக்குத் தடவும் எண்ணெயையே தாராளமாகத் தடவினேன். மறுநாள் ஊறப்போட்ட சாக்கைப் போலக் கனத்தன. ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் உறுத்தியது.

விஷயம் பதனிடுவதில் இருக்கிறது. சேணத்துத் தோல் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் பதப்பட்டது. நம் மலையில் எங்கே பார்த்தாலும் நிற்கிறதே சீகை மரம், வெளியூர்க்காரர்கள் வாட்டில் என்பார்கள், அதை இங்கே நட்டதற்கு ஒரு காரணம் பட்டையில் இருக்கும் துவர்ப்பு, தோல் தொழிலுக்கு வேண்டியது. அந்தத் தோல் கெட்டியானது, எண்ணெயைக் குடிக்கும். கையுறைத் தோலோ பெரும்பாலும் குரோமியத்தில் பதப்பட்டது, மெல்லியது, ஏற்கெனவே கொழுப்பு ஏறியது. அதற்குப் பட்டாணி அளவு தோல் கிரீம், வருடத்துக்கு இரண்டு முறை, அதுவும் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். நீலகிரித் தைலத்தைத் தேய்த்து நாற்றத்தைப் போக்க நினைத்த ஒரு பையனின் கையுறையில் சாயம் முழுக்கத் துணியோடு வந்துவிட்டது.

பழக்குவது

புதுக் கையுறை அட்டைப் பெட்டிபோல விறைத்திருக்கும். வெந்நீரில் முக்குவது, அடுப்பருகே வைப்பது, கார் சக்கரத்துக்கு அடியில் போடுவது எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். கடைசியாகச் சொன்னதைச் செய்துவிட்டு அழுதுகொண்டு வந்த பையனும் உண்டு.

நான் செய்வது இது. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பந்து விழ வேண்டிய இடத்தை மட்டும் ஈரப்படுத்துவேன். கட்டைவிரல் பக்கத்தையும் சுண்டுவிரல் பக்கத்தையும் பத்து முறை இப்படியும் அப்படியும் மடக்குவேன். பிறகு அப்பாவின் மரச்சுத்தியல், சேண இருக்கையைக் குழிவாக்க அவர் வைத்திருந்தது, அதன் உருண்டை முனையால் குழியில் இருபது நிமிடம் தட்டுவேன். சுத்தியல் இல்லாதவர்கள் உலக்கைப் பூண் இல்லாத முனையால் தட்டலாம், வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பில்லை. குழியில் பந்தை வைத்து, பழைய துணியால் தளரக் கட்டி இரவு வைத்துவிட வேண்டும். இதெல்லாம் பாதி வேலை. மீதியைப் பந்துதான் செய்யும்: தினமும் நூறு பந்து பிடித்தால் மூன்று வாரம்.

எங்கே மடிய வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். என் மகள் ஆள்காட்டி விரலைக் கையுறைக்கு வெளியே விட்டுக்கொள்கிறாள், உள்ளங்கை எரிச்சல் குறைகிறதாம். அவள் தோழி சுண்டுவிரல் அறைக்குள் இரண்டு விரலை நுழைக்கிறாள், குழி ஆழமாகிறது. ஆகவே ஒருவர் பழக்கிய கையுறையை இன்னொருவர் மாட்டக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். பிறர் செருப்பைப் போடுவோமா?

பூஞ்சை

சமவெளியில் தோலுக்கு எதிரி வெயில். இங்கே ஈரம். ஜூனில் தொடங்கும் மழை ஆகஸ்டு வரை, மறுபடி அக்டோபர், நவம்பர். நடுவே மூடுபனி. பயிற்சி முடிந்து ஈரக் கையுறையை ஈரத் துண்டோடு பையில் திணித்து, வெள்ளி மாலை மூலையில் போட்டால், திங்கள் காலை அது பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும்.

நனைந்து வந்தவுடன் செய்தித்தாளைக் கசக்கி ஒவ்வொரு விரலுக்குள்ளும் திணியுங்கள். இரண்டு மணி நேரத்தில் மாற்றுங்கள், இரவில் மறுபடி மாற்றுங்கள். குழியில் பந்து இருக்கட்டும். காற்றாடும் இடத்தில் நிழலில் உலர்த்த வேண்டும். குளிருக்குக் கணப்புச் சட்டி மூட்டியிருப்பீர்கள், அதன் பக்கத்தில் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். தோல் சுருங்கி, வார்கள் காய்ந்த சுள்ளிபோல் ஒடியும். என்னிடம் வரும் கையுறைகளில் பாதி அப்படி அடுப்பருகே வைத்தவைதான்.

பூத்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள், உள்ளே தட்டினால் அது அலமாரியில் இருக்கும் செருப்புக்கெல்லாம் பரவும். பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு முறை துடையுங்கள். நிழலில் இரண்டு நாள். அதன் பிறகே கிரீம். இரும்பு அலமாரி வேண்டாம். என் மனைவி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வைக்கிறாள், மாதம் ஒரு முறை மறுபடி வறுக்கிறாள்.

இன்னொன்று. மட்டை பிடிக்கப் போகும்போது கையுறையைப் புல்லில் போட்டுவிட்டுப் போகும் பழக்கம். இங்கே காலை பதினொரு மணிக்கும் புல் ஈரமாகத்தான் இருக்கும். அமெரிக்காவிலும் முன்பு அப்படியே மைதானத்தில் விட்டுப் போனார்களாம், 1954ல்தான் விதி போட்டு நிறுத்தினார்கள்.

வார் மாற்றுவது

மற்றவர்கள் வெறுங்கையால் ஆடிய காலத்தில், 1875ல், சார்லி வெயிட் என்ற ஆட்டக்காரர் கையுறை மாட்டியபோது, கேலிக்குப் பயந்து கையின் நிறத்திலேயே மாட்டினாராம். 1920 வாக்கில் பில் டோக் என்ற பந்துவீச்சாளர்தான் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வார்களால் வலை பின்னும் யோசனையைச் சொன்னார். அதுவரை உள்ளங்கைக்கு மெத்தையாக இருந்த கையுறை, அதன்பின் பந்தைப் பிடிக்கும் பொறியாகிவிட்டது. அந்தப் பொறி முழுக்க வாரில் நிற்கிறது. எனவே வார் அறுவது இயல்பு. அறுந்ததும் புதுக் கையுறை கேட்கும் பிள்ளைகளைத்தான் எனக்குப் புரியவில்லை.

முதலில் போனில் படம் எடுங்கள்: முன், பின், விரல் இடுக்கு. எல்லா வாரையும் ஒரேயடியாகக் கழற்றினால் கடவுளாலும் திரும்பக் கோக்க முடியாது. ஒரு வரிசையைக் கழற்றி, அதை முடித்து, அடுத்ததற்குப் போங்கள். முதலில் வலை, பிறகு விரல் நுனி, கடைசியில் அடிப்பகுதி.

வார் 5 மில்லிமீட்டர் அகலம், 72 அங்குல நீளம். முழுக் கையுறைக்கு ஐந்தாறு தேவைப்படும். வாங்கும்போது இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல நீண்டால் அது வயிற்றுத் தோல், வேண்டாம். முதுகுத் தோலில் வெட்டியதுதான் நிற்கும். ஊசிக்கு நான் உடைந்த குடைக் கம்பியை இரண்டாக மடித்து வைத்திருக்கிறேன். ஊட்டியில் உடைந்த குடைக்கா பஞ்சம்? வாரின் வழுவழுப்பான பக்கம் வெளியே தெரிய வேண்டும், துளைக்குள் முறுக்கிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு துளையிலும் இழுத்து இறுக்கிக்கொண்டே வாருங்கள், கடைசியில் மொத்தமாக இழுத்தால் நடுவில் தளர்ந்தே இருக்கும். விரல் நுனியில் மட்டும் அதிகம் இறுக்க வேண்டாம், கையுறை விரியாது. முடிச்சுக்குப் பிறகு இரண்டு அங்குலம் விடுங்கள். ஒரு வாரம் ஆடினால் வார் கொஞ்சம் நீளும், மறுபடி இறுக்க அது வேண்டும்.

நைலான் கயிறு கோத்துக் கொண்டுவருகிறார்கள். நைலான் அறாது, அதனால்தான் ஆபத்து: தான் அறுவதற்குப் பதிலாகத் துளையை அறுத்துக்கொண்டு போகும். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்தவர் கையுறையையே இழப்பார்.

எப்போது விடுவது

வார் அறுந்தது, வலை கிழிந்தது, உள் தோல் ஓட்டை, இவையெல்லாம் தைக்கக்கூடியவை. உள்ளங்கை ஓட்டைக்கு ஆட்டுத்தோல் ஒட்டுப் போடுவேன். கைவிட வேண்டியது வேறு மூன்று சமயங்களில். மாட்டிய கையை நிமிர்த்திப் பிடித்தால் விரல்கள் வாடிய கீரைபோல் தொங்குவது. உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே மெத்தை கட்டிகட்டியாகப் பிரிந்திருப்பது. பக்கத்துத் துளைகள் கிழிந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவது. நேராக வரும் சாதாரணப் பந்துக்கே கை எரிகிறது என்று பிள்ளை சொன்னால், அதை நம்புங்கள். தினமும் ஆடுகிறவரின் கையுறை என் பலகைக்கு மூன்று வருடத்தில் அந்த நிலையில் வருகிறது. வாரம் ஒரு நாள் ஆடுகிறவருடையது ஆறு வருடம் வரை.

ஆனால் அந்த நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் ஆட்டத்துக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். பயிற்சியில் இருப்பது பழகிவிட்டால் அது ஆட்டத்துக்கு ஏறும். நம் பிள்ளைகளுக்கு எப்போதும் இரண்டு என்பது கட்டாது, தெரியும். பழையதில் ஒரு வருடம் மீதம் இருக்கும்போதே புதியதை வாங்குங்கள். ஜனவரியில் வாங்கினால் மழையில்லாத மாதங்களில் பழக்கிவிடலாம். போட்டிக்கு முந்தின வாரம் புதுக் கையுறையோடு வந்து "நாளைக்குள் பழக்கித் தாருங்கள்" என்று நிற்பவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

செத்த கையுறையைக் குப்பையில் போடாமல் எனக்குக் கொடுங்கள். புறங்கைப் பக்கத்துத் தோல் எப்போதும் நன்றாகவே இருக்கும். என் மகளின் முதல் கையுறையைப் போன வருடம் பிரித்தேன். கட்டைவிரல் பகுதி, படகு இல்லத்து வாசலில் நிற்கும் ஒரு பழுப்புக் குதிரையின் மூக்குப் பட்டைக்கு அடியில் மெத்தையாக இருக்கிறது. அவள் பெயரின் முதல் எழுத்தை மையால் எழுதியிருந்தாள், பட்டையைத் திருப்பிப் பார்த்தால் இன்னும் தெரியும்.