பாலின அடையாளம் பற்றி, இருபுறமும் வாசிக்கும் ஒரு மடிப்புப் புத்தகம்

இந்தப் பொருளில் கைப்புத்தகம் செய்யும் பலரும் இடப்பக்கம் ‘முன்பு’, வலப்பக்கம் ‘இப்போது’ என்று பிரித்துவிடுகிறார்கள். கடந்து வந்த வழி காணாமல் போகிறது. முதுகில்லாத விசிறி மடிப்பே பொருத்தம்: எந்த அட்டையிலிருந்தும் தொடங்கலாம், திருப்பிப் பின்புறமும் வாசிக்கலாம்.

தாள் 72 × 15 செ.மீ., 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்). தாளின் இழை, அதாவது அதன் நார்கள் ஓடும் திசை, மடிப்புக்கோட்டுக்கு இணையாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பு வெடிக்கும். நீளத் தாள் இல்லையென்றால் 36 செ.மீ. துண்டுகள் இரண்டை, ஒன்றில் மட்டும் 1 செ.மீ. கூடுதலாக விட்டு, மடிப்பில் ஒட்டுங்கள்.

எட்டுப் பக்கங்களையும் தனித்தனியே 9 செ.மீ. என அளந்து மடிக்காதீர்கள். அரை மி.மீ. பிழை எட்டாம் பக்கத்தில் 4 மி.மீ. ஆகிவிடும். பாதி, கால், அரைக்கால் என்று, ஒவ்வொரு முறையும் ஓரத்தை முந்தைய கோட்டோடு பொருத்தி மடியுங்கள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி மடித்தால் விசிறி.

எழுத்தை இப்போதே முடியுங்கள். ஸ்பிரிட் மார்க்கர் மறுபுறம் ஊறும். நிறமி மைப் பேனா ஊறாது. தன்மையில் எழுதினால் (‘வந்தேன்’) வினை பாலைச் சொல்லாது. படர்க்கையில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று விகுதி சொல்லிவிடும். எந்தப் பக்கத்தில் எது என்பதைத் தெரிந்தே முடிவு செய்யுங்கள். இன்னொருவரின் பழைய பெயரோ படமோ அவர் சம்மதமின்றி வரவே கூடாது.

கடப்பதைக் காட்டுவது நூலிழை. 2 முதல் 7 வரையான பக்கங்களில், அகலத்தின் நடுவே குத்தூசியால் பக்கத்துக்கு ஒரு துளை. துளைகளின் உயரத்தைப் படிக்கட்டு போல ஏற்றாதீர்கள். மாற்றம் அப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை, ஏறியும் இறங்கியும் இருக்கட்டும். மெழுகிட்ட பருத்தி நூல் 100 செ.மீ. எடுத்து, 2ஆம் பக்கத்தின் பின்னால் முடிச்சிட்டு, முன்னும் பின்னுமாகக் கோத்துச் செல்லுங்கள். முன்புறம் மறையும் நூல் பின்புறம் தொடரும். மறுமுனையை முடிச்சிடாமல் விடுங்கள். இரு முனையையும் இறுக்கினால் விரிக்கும்போது துளை கிழியும்.

அட்டை 2 மி.மீ. தடிமன், 9.4 × 15.4 செ.மீ., இரண்டு; ஒவ்வொன்றையும் சுற்றி ஒட்டும் உறைத்தாள் 12.4 × 18.4 செ.மீ. இரண்டு அட்டையும் ஒன்றுபோலவே இருக்கட்டும்: தலைப்பை ஒன்றில் மட்டும் போட்டால் அதுவே ‘முன்’ ஆகிவிடும். 1, 8ஆம் பக்கங்களின் பின்புறத்தில் வெள்ளைப் பசையை மெல்லப் பூசி அட்டையில் ஒட்டுங்கள். பசை அதிகமானால் அட்டை வளையும். ஈரம் மற்றப் பக்கங்களுக்குப் போகாமல் மெழுகுத் தாள் செருகி, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு முழுக்க வையுங்கள்.