மண்ணில் ஊர்வதைப் பார்க்கப் போகிறவர்கள் செய்கிற தவறுகள்

மாடித் தோட்டம் போட்டிருக்கும் நண்பர் ஒருவர் அலறியடித்துக்கொண்டு போன் செய்தார். "கம்போஸ்ட் தொட்டி பூரா வெள்ளை வெள்ளையா ஊருது, செம்பேன் மாதிரி இருக்கு, மருந்து அடிக்கவா?" அடிக்காதீர்கள் என்றேன்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. மைட் என்ற, சிலந்திக்கு உறவான சிற்றுயிரைத் தமிழில் சிலந்திப்பேன் என்கிறோம். பேன் என்று காதில் விழுந்ததுமே கை மருந்துக்குப் போகிறது. வெண்டையைக் கெடுக்கிற செம்பேன் இலையின் அடிப்பக்கத்தில் வலை பின்னிச் சாறு உறிஞ்சுவது. மக்குகிற காய்கறித் தோலில் அதற்கு என்ன வேலை? தொட்டியில் மெதுவாக நகரும் பளபளப்பான வெள்ளை உருண்டைகள் அஸ்டிக்மாட்டா என்ற வகை. ஈரம் கூடிவிட்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். காய்ந்த இலையை நாலு கை அள்ளிப் போட்டுக் கிளறினால் குறைந்துவிடும். மருந்து அடித்தால், அவற்றைத் தின்ன அதே தொட்டியில் விறுவிறு என்று ஓடித் திரிகிற பழுப்பு நிற வேட்டை மைட்டுகளும் சேர்ந்து சாகும்.

அடுத்த தவறுகள் எல்லாம், மண்ணுக்குள் இருக்கும் சிற்றுயிர்களைப் பிரித்து எடுக்க வைக்கும் புனலில் நடப்பவை. இத்தாலிக்காரர் பெர்லேசி 1905-இல் இந்தப் புனலை அமைத்தார். அவர் வெப்பத்துக்கு வெந்நீரைப் பயன்படுத்தினார். ஸ்வீடனின் டுல்கிரென் 1918-இல் அதற்குப் பதிலாக பல்பைக் கொண்டுவந்தார். மேலிருந்து மண் காயக் காய, உள்ளே இருப்பவை ஈரம் தேடிக் கீழே இறங்கி, வலை வழியாகப் புட்டியில் விழும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்து, கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்தால் வீட்டிலேயே செய்துவிடலாம்.

நான் முதன்முதலில் வைத்தபோது 100 வாட் குண்டு பல்பைப் பக்கத்திலேயே தொங்கவிட்டேன். ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம் என்ற அவசரம். காலையில் புட்டியில் கிடந்தது இரண்டு எறும்பு. மண் செங்கல் மாதிரி இறுகியிருந்தது. உடைத்து லென்ஸில் பார்த்தால், உள்ளே இருந்த இடத்திலேயே சுருண்டு செத்துக் கிடந்தன ஸ்பிரிங்டெயில்கள் என்ற துள்ளும் சிற்றுயிர்கள். அவற்றின் தோல் மெல்லியது, ஈரத்தைப் பிடித்து வைக்காது. சூடு அவற்றை முந்திக்கொண்டால் இறங்க நேரமே கிடைக்காது. 25 அல்லது 40 வாட் போதும். ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு நாலைந்து நாள் பொறுக்க வேண்டும். எல்.ஈ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், மண்ணைக் காய வைக்கிற சூடு அதில் வராது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் காற்றோட்டமான அறையில் தானாகக் காய விடலாம். என்ன, பத்து நாள் ஆகும்.

மண்ணை உதிர்த்துக் கொட்டுவதும் தவறு. பாதி நசுங்கும், மீதி மண் புட்டிக்குள் விழுந்து எல்லாம் சேறாகிவிடும். கட்டியாக எடுத்து, மேல்பக்கம் கீழே வருமாறு கவிழ்த்து வைக்க வேண்டும். மேல்மண்ணில்தான் இடுக்குகள் பெரிதாக இருக்கும், இறங்க வழி கிடைக்கும். புட்டியில் வெறும் தண்ணீர் வேண்டாம். ஸ்பிரிங்டெயில் உடம்பில் தண்ணீர் ஒட்டாது, மேலேயே மிதந்துகொண்டிருக்கும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் அரை அங்குலம் போதும்.

பாலித்தீன் பையில் மண்ணை எடுத்து வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உண்டு. புனலுக்கு முன்பே கதை முடிந்தது.

சரி, எங்கே எடுப்பது? சித்திரை வெயிலில் பொட்டல் தரையில் ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு "இந்த மண்ணில் உயிரே இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. இவை சீராகப் பரவி இருக்காது, அங்கங்கே கூட்டமாக இருக்கும். மழைக்குப் பிறகு, மரத்தடிச் சருகோடு, நாலைந்து இடத்தில் எடுங்கள். நூற்புழு விழவில்லையே என்றும் கவலைப்பட வேண்டாம். அது மண்துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில் வாழ்வது, காய வைக்கும் புனலில் சரியாகச் சிக்காது.

விழுந்ததை அடையாளம் பார்க்கும்போது காலை மட்டும் எண்ணி ஏமாறுவார்கள். வளர்ந்த மைட்டுக்குப் பெரும்பாலும் எட்டுக் கால், முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கோ ஆறுதான். ஸ்பிரிங்டெயிலுக்கும் ஆறு கால், ஆனால் இன்றைய வகைப்பாட்டில் அது பூச்சியினத்தில் சேராது. வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கிற கவையால் தரையை உதைத்துத் துள்ளுகிறது.

நிறைய விழுந்தால் நல்ல மண் என்பதும் பாதி உண்மைதான். ஈரத் தொட்டியில் ஒரே வகை ஆயிரக்கணக்கில் பெருகும். நான் தேடுவது மிளகு போல் கருத்து, ஓடு கெட்டியாக இருக்கும் ஒரிபாட்டிட் மைட்டுகளை. பூஞ்சையும் மக்கும் இலையும் தின்பவை, இதுவரை பெயரிட்ட இனங்கள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். முட்டை கொஞ்சம், வளர்ச்சி மெதுவு. அதனால் உழுது புரட்டிய நிலத்துக்கு அவை திரும்பி வர நாளாகும். வகை வகையாக அவை விழுந்தால், அந்த மண்ணை ரொம்ப நாளாக யாரும் தொந்தரவு செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

அப்புறம், லென்ஸே தேவைப்படாத ஒரு மைட் உண்டு. முதல் மழை விட்டதும் செம்பட்டு போல் ஊர்ந்து வருகிற தம்பலப்பூச்சி, சங்கப் பாட்டில் வரும் மூதாய். தீப்பெட்டிக்குள் புல்லைப் போட்டு நாங்கள் வளர்க்கப் பார்த்தது இதைத்தான். அது புல் தின்னாது. குஞ்சாக இருக்கும்போது வெட்டுக்கிளி போன்றவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும், வளர்ந்ததும் மற்ற சிற்றுயிர்களையும் அவற்றின் முட்டைகளையும் தின்னும். ஒவ்வொரு மழைக்கும் புதுப் புல்லாகப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.