பூட்டிக் கிடக்கும் ஊர் வீடும் டெங்கு நுளம்பும்

மார்கழி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள் டெங்கு ஏறுகிற காலத்தில்தான் போய் இறங்குகிறார்கள். ஐப்பசியில் தொடங்கும் மழையோடு நுளம்பும் பெருகும். ஆகவே பயணச்சீட்டு எடுத்த கையோடு ஊர் வீட்டைப் பற்றியும் யோசியுங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் "தண்ணியை ஊத்திவிடுங்கோ" என்று சொன்னால் மட்டும் போதாது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். பார்த்தால் கரித்தூள் சிந்தியது போல இருக்கும். தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. நீங்கள் வந்து தண்ணீர் நிரப்பியதும் பொரிக்கும். ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகிப் பறக்கும். அதனால் சுவரைப் பொச்சுமட்டையால் உரஞ்சிக் கழுவச் சொல்லுங்கள். கூரைப் பீலி, பாவிக்காத கழிவறையின் தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, வளவில் கிடக்கும் சிரட்டை, ஒன்றையும் விடவேண்டாம்.

கரையோர வீடு, கிணறு உவர் என்று அசட்டையாக இருக்காதீர்கள். அப்படிப்பட்ட கிணறுகளிலும் ஈடிஸ் குடம்பிகளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

கிணற்றைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. அதே ஆண்டின் கடைசியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு மன்னார்க் கிணறுகளில் பிடிபட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும். நுளம்பு வந்துவிட்டது, மலேரியாக் கிருமி உள்ளூரில் மீண்டும் வேரூன்றவில்லை. அது பயணிகளின் இரத்தத்தில்தான் வருகிறது. இந்தியா, ஆபிரிக்கா வழியாகப் போனவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் மலேரியாவுக்கும் இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். பாவிக்காத கிணற்றை நுளம்பு புகாத வலையால் மூடிவிடுங்கள்.

ஈடிஸ் பகலில் கடிக்கும். காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. பகல் நித்திரை கொள்ளும் குழந்தைக்கும் வலை வேண்டும். நீளக்கைச் சட்டையும் நுளம்பு விரட்டும் களிம்பும் கையோடு இருக்கட்டும்.

காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். ஐபுபுரோபன், அஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்டதும் எழுந்து ஊர் சுற்றப் புறப்படாதீர்கள். டெங்கின் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. திரும்பிப் போய் இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தாலும், இலங்கை போய் வந்ததை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.