தேக்குப் படியும் கண்ணாடித் தடுப்பும்: பராமரிக்கும் முறை

மரப்படிகளுக்கு அழுக்கைவிட, அதைப் போக்க நாம் ஊற்றும் தண்ணீரே அதிகக் கேடு செய்கிறது. ஆகவே வாளித் தண்ணீரில் கழுவும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும்.

மேல்படியிலிருந்து தொடங்கி, மென்மையான துடைப்பத்தால் மணலைக் கூட்டி எடுக்கவும். மணலோடு துடைத்தால் அது உப்புத்தாள் போல வார்னிஷைக் கீறிவிடும். அடுத்தது கண்ணாடி. ஆழ்துளைக் கிணற்று நீர் தெறித்துக் காய்ந்த வெண்புள்ளிகள் சுண்ணாம்புப் படிவுகள் என்பதால், சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர் அவற்றைக் கரைக்கும். கலவையைக் கண்ணாடி மீது தெளிக்காமல் துணியில் நனைத்தே துடைக்க வேண்டும்; இல்லையெனில் அது வழிந்து, கண்ணாடி மரத்தில் பொருந்தும் இடுக்கில் தங்கி, நாளடைவில் மரத்தைக் கறுக்கச் செய்யும். பிளேடால் சுரண்ட வேண்டாம்.

கடைசியாக, நன்கு பிழிந்த துணியால் மரத்தை ரேகை ஓடும் திசையில் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கவும். மெழுகு பாலிஷ் கைப்பிடிக்குப் பொருந்தும். மிதிக்கும் பரப்பில் பூசினால் வழுக்கும். அதை அழகுக்காகப் பூசுவோர் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு.

படியின் முன்விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது முத்தாக நிற்காமல் உள்ளே ஊறி மரம் கறுத்தால், மேற்பூச்சு தேய்ந்துவிட்டது. தச்சரை அழைத்து மறுபூச்சு செய்ய வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடியைப் பிடித்திருக்கும் திருகுகளும் ரப்பர் பட்டைகளும் தளர்ந்துள்ளனவா என்று பார்க்கவும். கடினப்படுத்திய கண்ணாடியின் ஓரத்தில் சிறு உடைசல் தெரிந்தாலும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. அது முன்னறிவிப்பின்றி முழுவதுமாக நொறுங்கக்கூடும்.