நடிகையர் படமிட்ட பழைய சிகரெட் அட்டைகளை இனங்காணும் முறை

1880களில் அமெரிக்க சிகரெட் பொட்டலம் மெல்லிய தாளால் ஆனது. அது நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். அந்த அட்டையே நாடக நடிகையின் படம் தாங்கிய விளம்பரமும் ஆனது. ரிச்மண்டின் ஆலன் அண்ட் கிண்டர், டர்ஹாமின் டியூக், நியூயார்க்கின் கின்னி பிரதர்ஸ் ஆகிய புகையிலை நிறுவனங்கள் இவற்றை வெளியிட்டன.

அட்டை கிடைத்ததும் முகம் யாருடையது என்று தேடத் தொடங்க வேண்டாம். படம் உருவான விதத்தை முதலில் பாருங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். அசல் புகைப்படம் முட்டை வெண்கரு பூசிய மெல்லிய தாளில் எடுத்து அட்டையில் ஒட்டியது. அதில் புள்ளிகளே இராது. நிழல் சீராகக் கரையும், தாளின் இழை தெரியும், வெளிர் பகுதிகள் மஞ்சளித்திருக்கும். விளிம்பைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு அடுக்கு புலப்படும். வண்ணக் கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) ஒழுங்கற்ற புள்ளிகள் சிதறியிருக்கும். கட்டம் போட்டதுபோல் வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் பிற்கால மறுபதிப்புதான். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள்: தாள் பளிச்சென நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், அதில் 20ஆம் நூற்றாண்டின் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. ஒளிராததை மட்டும் வைத்து அசல் என்று முடிவுகட்டக் கூடாது.

பல அட்டைகள் சுமார் 6.4 × 3.8 செ.மீ. இருக்கும். ஆல்பத்தில் ஒட்டுவதற்காக ஓரம் வெட்டியவை நிறைய உண்டு. அளவு குறைந்ததாலேயே போலி என்று ஒதுக்காதீர்கள்.

காலக்கணிப்பில் பலர் சறுக்குவது வணிகப் பெயரில்தான். 1890இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் இணைந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆனபின்னும் 'ஸ்வீட் கேப்போரல்' போன்ற சிகரெட் பெயர்கள் தொடர்ந்தன. ஆகவே பின்புற அச்சு முழுவதையும் படியுங்கள்.

இனி முகத்துக்கு வரலாம். இயற்பெயரில் அல்ல, மேடைப்பெயரிலேயே தேடுங்கள்; எடுத்துக்காட்டாக, நடிகை லில்லியன் ரஸ்ஸலின் இயற்பெயர் ஹெலன் லூயிஸ் லியோனார்ட். பெயரே இல்லாத படமென்றால் நெப்போலியன் சரோனி போன்ற நியூயார்க் புகைப்படக்காரர்களின் பெரிய படங்களோடு உடை, நாற்காலி, பின்திரை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். முகச்சாயல் ஏமாற்றும், உடையின் மடிப்பும் கையின் நிலையும் அச்சாகப் பொருந்தினால் நம்பலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, பழைய விளம்பர அட்டைகளின் பர்டிக் தொகுப்பு இதற்கு அருமையான துணை. அங்கே கின்னியின் நடிகையர் வரிசைக்கு எண் N245.

ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் நீரில் ஊறவைக்கவே கூடாது. வெண்கருப் படலமும் தாளும் வெவ்வேறு அளவில் உப்பிச் சுருங்குவதால் படத்தில் விரிசல் விழுந்துவிடும். பக்கத்தோடு அப்படியே பாலியஸ்டர் உறையில் வையுங்கள். பிவிசி உறை நாளடைவில் அமிலம் கசியும். வெளிச்சத்தில் படம் மங்கும் என்பதால் சுவரில் மாட்ட நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.